எஸ்தோலியா பார்க்காமல் எழுதிய நிறம்

டெக்சாஸின் தெற்கு ஓரத்தில், ஆற்றுக்கு இந்தக் கரையில் இருக்கும் ஊர் சான் லாசரோ. அங்கே தண்டவாளத்துக்கு அப்பால் பிறந்த எவரையும் நிறுத்தி, பூமிக்கு வந்ததும் முதலில் யார் கையில் விழுந்தாய் என்று கேட்டால் ஒரே பதில்தான் வரும். எஸ்தோலியா ஓலிவாஸ். குட்டையான, அகலமான பெண். எந்நேரமும் வாயில் ஒரு துண்டு லவங்கப்பட்டை. புரட்சிக்காரர்கள் ஒரு பக்கமும் பட்டாளம் ஒரு பக்கமுமாக அவள் ஊரைக் கொளுத்திக்கொண்டிருந்தபோது, 1913-இல், ஒரு கத்தரிக்கோலையும் ஒரு கம்பளியையும் எடுத்துக்கொண்டு ஆற்றைத் தாண்டி வந்தவள். புருஷன் பீட்ரூட் பிடுங்க வடக்கே போனான். போனவன் போனவன்தான்.

பிரசவம் பார்க்கப் போன இடத்தில் அவள் நாக்கு சும்மா இருக்காது. "ஊரைக் கூட்டாதடி. கோழிகூட உன்னைவிட மரியாதையா முட்டை போடும்" என்பாள். வலியில் இருப்பவளுக்கும் சிரிப்பு வந்துவிடும். அந்தச் சிரிப்பில்தான் பாதிப் பிள்ளைகள் பிறந்தன என்று பெண்கள் சொல்வார்கள். குழந்தை வெளியே வந்து அழுததும் எந்தத் தாயும் தலையைத் தூக்கி ஒரே கேள்வியைத்தான் கேட்பாள். விரல் பத்தும் இருக்கா? எஸ்தோலியா அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவள் போல, சின்னக் கையைப் பிரித்து, ஒவ்வொன்றாகத் தொட்டு உரக்க எண்ணிக் காட்டுவாள். கால்விரல் இனாம் என்பாள். தொப்புள்கொடியைப் பெண்ணென்றால் அடுப்படியிலும் ஆணென்றால் பருத்திக் காட்டிலும் புதைப்பாள். எது எங்கே கிடக்கிறது என்று இன்றைக்கும் அவளுக்குத் தெரியும்.

1917-இல் மருத்துவச்சிகளும் பிறப்பைப் பதிவு செய்ய வேண்டும் என்று சொல்லி, அடிக்கட்டையோடு ஒரு தாள் புத்தகத்தை ஆபீஸில் அவள் கையில் கொடுத்தார்கள். எஸ்தோலியாவுக்கு ஸ்பானிஷில் பெயர் எழுதத் தெரியும், தேதி எழுதத் தெரியும். ஆங்கிலம் அவளுக்குச் சுவர். ஊரில் அப்போது இருந்த கிரிங்கோ டாக்டர் நல்ல மனிதர். கிரிங்கோ என்றால் ஆங்கிலம் பேசுகிற வெள்ளைக்காரர், அவ்வளவுதான், அதில் மரியாதைக் குறைவு கொஞ்சமாகத்தான் இருக்கும். அவர் மாதிரிக்கு ஒரு தாளை நிரப்பிக் கொடுத்தார். அந்த மாதம்தான் அவருக்கு ஒரு மகள் பிறந்திருந்தாள், அவளுடைய விவரத்தையே எழுதினார். பெயரையும் தேதியையும் மட்டும் மாற்று, மற்றதை இதே மாதிரி எழுது, குழந்தை செத்துப் பிறந்தால் நடுவில் இருக்கும் கட்டங்களைக் காலியாக விடு என்றார். எழுத்தா அது, கோழி கிளறிய குப்பை. எஸ்தோலியா அந்தக் கிளறலை ஒரு கோடு பிசகாமல் வரைந்து பழகினாள்.

முதல் இரண்டு தாள்களில் தகப்பன் பிறந்த ஊர் என்ற இடத்திலும் டாக்டருடைய ஊரையே எழுதிவிட்டாள். பனி கொட்டுகிற ஏதோ வடக்கத்தி ஊர். ஆபீஸில் விழுந்து விழுந்து சிரித்து, அதைத் திருத்தி வாங்கினார்கள். அதற்குக் கீழே இருந்த வார்த்தையை யாரும் திருத்தச் சொல்லவில்லை. ஆக, அது சரியாகத்தான் இருக்கும் என்று அவள் பத்தொன்பது வருஷம் எழுதினாள். அடிக்கட்டைகளைப் பன்றிக்கொழுப்பு வந்த தகர டப்பாக்களில் அடுக்கிக் கட்டிலுக்கு அடியில் வைத்தாள். 1936 அக்டோபரில் எண்ணியபோது, செத்துப் பிறந்தவை போக, ஆயிரத்து நூற்று நாற்பது இருந்தன.

அந்த அக்டோபரில்தான் பதிவாளரின் உத்தரவு வந்தது. இனிமேல் மெக்சிகன் வீட்டில் பிறக்கிற குழந்தைகளை நிறத்தவர் என்று எழுத வேண்டும். கறுப்பர்களை அந்த ஊர்க் காகிதங்களில் அப்படித்தான் எழுதுவார்கள். கறுப்பருக்குத் தனிப் பள்ளிக்கூடம், தனி ஆஸ்பத்திரித் தாழ்வாரம், தனிக் கல்லறைத் தோட்டம். வெள்ளையரும் நிறத்தவரும் கல்யாணம் செய்துகொண்டால் இரண்டு பேருக்கும் ஜெயில். மெக்சிகன்கள் அதுவரை காகிதத்தில் வெள்ளையராகவும் முடிவெட்டும் கடையில் மெக்சிகன்களாகவும் ஒருவிதமாகக் காலம் தள்ளிக்கொண்டிருந்தார்கள். காகிதமும் போய்விட்டால் என்ன மிச்சம் என்று ஊரே கொதித்தது.

கொதித்தவர்களில் முதல் ஆள் குமெர்சிந்தோ. ரொட்டிக்கடைக்காரர், மெக்சிகன் சங்கத்தின் தலைவர். நாள் முழுக்க மாவில் கிடப்பதால் அவர் முகம் சாயங்காலம் வரை நன்றாக வெளுத்திருக்கும். கழுவினால் நம் கணக்குக்கு நல்ல மாநிறம். தன் முப்பாட்டன் ஸ்பெயினிலிருந்து கப்பலில் வந்தவர் என்று சொல்வார். முப்பாட்டி எந்தக் கப்பலில் வந்தாள் என்று மட்டும் யாரும் கேட்கக் கூடாது. கடையின் பின்கட்டில் கூட்டம் போட்டு, கோர்ட்டில் வழக்கு வைப்பது என்று முடிவு செய்து, சான் அந்தோனியோவிலிருந்து லெயால் என்ற வக்கீலை வரவழைத்தார். நம் ஆள், நன்றாகப் படித்தவர். லெயாலின் மகனை நீச்சல் குளத்து வாசலில் நிறுத்தித் திருப்பி அனுப்பியிருந்தார்கள். அதை அவர் மறக்கவில்லை.

வக்கீல் லெயால் எஸ்தோலியாவின் கட்டிலில் உட்கார்ந்து தகர டப்பாக்களைத் திறந்தார். நாலைந்து அடிக்கட்டைகளைப் புரட்டியதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"பிரமாதம்மா. ஆயிரத்து நூத்து நாப்பது குழந்தை. அத்தனைக்கும் வெள்ளைன்னு எழுதியிருக்கீங்க. இதைவிட சாட்சி என்ன வேணும்?"

"நான் என்னன்னு எழுதியிருக்கேன்?"

"வெள்ளை. இதோ, நிறம்ங்கிற இடத்துல."

எஸ்தோலியா வாயிலிருந்த பட்டையை வெளியே எடுத்தாள். "முடிவெட்டுற கடைக் கண்ணாடியில எழுதிப் போட்டிருக்கானே, அவங்களுக்கு மட்டும்னு. அந்த வார்த்தையா?"

"அதே வார்த்தைதான்."

"அது பெரிய பெரிய எழுத்தா இல்ல இருக்கும்?"

"அது அச்செழுத்து. இது கையெழுத்து."

அவள் ஒரு அடிக்கட்டையை எடுத்து அந்த வார்த்தையின் மேல் விரலை ஓட்டினாள். அந்தக் கிளறலை ஆபீஸுக்கு வேண்டிய ஏதோ முத்திரை என்றுதான் நினைத்திருந்தாள். எந்தக் கடைக்குள் தன்னை விடமாட்டேன் என்றார்களோ, அந்தக் கடை வாசல் வார்த்தையைத் தன் கையாலேயே ஆயிரத்து நூற்று நாற்பது தரம் எழுதியிருக்கிறாள். தெரிந்திருந்தால் எழுதியிருப்பாளா? அவளுக்கே சொல்லத் தெரியவில்லை.

வக்கீல் மேற்கொண்டு புரட்டினார். ஏழு அடிக்கட்டைகளைத் தனியாக எடுத்து வைத்தார். இரண்டு, மளிகைக் கடை சீனருடைய குழந்தைகள். ஐந்தில் தாயின் பெயர் ஒன்றே.

"செனாயிதா வில்சன். வில்சன்னு நம்மள்ல யாரும்மா பேரு வைக்கிறாங்க?"

"அவ அப்பன் கறுப்பர். அந்தக் காலத்துல பருத்தித் தோட்டத்துல அடிமையா இருந்தவரு. ஆத்தை நீந்தி மெக்சிகோவுக்கு ஓடிப் போயி, அங்க நம்ம பொண்ணைக் கட்டினாரு. செனாயிதா நம்ம கோயில், நம்ம பேச்சு, நம்ம அடுப்பு. இங்கிலீஷு எனக்குத் தெரிஞ்ச அளவுகூட அவளுக்குத் தெரியாது."

"அதெல்லாம் சரிம்மா. எதிர் வக்கீல் கையில இது ஒண்ணு சிக்கினாப் போதும். கறுப்பர் பேத்தியையும் வெள்ளைன்னு எழுதினவ மத்ததைப் பார்த்தா எழுதியிருப்பான்னு கேப்பான். அத்தனையும் குப்பைக்குப் போயிடும். அதனால நாம முந்திக்கணும். இந்த ஏழும் கை தவறி எழுதினதுன்னு நீங்களே கோர்ட்ல சொல்லிடுங்க. மிச்சம் நிக்கும்."

"சொன்னா இந்த ஏழு பேருக்கும் என்ன ஆகும்?"

"திருத்திடுவாங்க."

"என்னன்னு?"

லெயால் டப்பாவை மூடினார். கெட்டவர் இல்லை அவர். ஆயிரத்து நூற்று முப்பத்து மூன்று பெரிதா, ஏழு பெரிதா என்று பார்த்தார், அவ்வளவுதான்.

எஸ்தோலியாவின் கண் அந்த ஏழில் மேலே கிடந்த அடிக்கட்டையில்தான் நின்றது. புத்தகத்தின் முதல் தாள் அது. அவள் எழுதிய முதல் பெயர், ஹொவீதா. செனாயிதாவின் மூத்த மகள். பத்தொன்பது வயது, சலவைக்கூடத்தில் வேலை. இன்னும் மூன்று சனிக்கிழமையில் அவளுக்குக் கல்யாணம். கோயிலில் இரண்டு தரம் அறிவிப்பு வாசித்தாகிவிட்டது. மாப்பிள்ளை குமெர்சிந்தோவின் மகன் அமாதோ.

மறுநாள் மத்தியானம் தாயையும் மகளையும் கூப்பிட்டு எஸ்தோலியா ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். செனாயிதா கையில் இருந்த அத்தோலே என்ற சோளக் கஞ்சியைக் குடிக்கவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை.

"எங்கப்பா இந்த மாதிரிக் காகிதத்துக்குப் பயந்துதான் ஆத்தை நீந்தித் தெக்க போனாரு, அக்கா. நான் வேலைக்காக வடக்க வந்தேன். என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்."

ஹொவீதா அழுவாள் என்று எஸ்தோலியா எதிர்பார்த்தாள். அவள் அழவில்லை. விரலை மடக்கி எதையோ கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தாள்.

"பெரியம்மா, அந்த உத்தரவு அப்படியே நின்னுடுச்சுன்னா அமாதோ யாரு?"

"நிறத்தவன். ஊரே நிறத்தவங்க."

"நான்?"

"நீயும்தான்."

"அப்ப எங்க கல்யாணம் நடக்கும். யாரும் கேட்க முடியாது. வழக்குல ஜெயிச்சா அமாதோ வெள்ளை. நீங்க கை தவறிடுச்சுன்னு சொன்னா நான் கறுப்பு." அவள் நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க எல்லாரும் தோத்தா எனக்குக் கல்யாணம். ஜெயிச்சா ஜெயில்."

ஊரெல்லாம் மெழுகுவர்த்தி ஏற்றி வேண்டிக்கொண்டிருந்த வெற்றி, தான் தாளில் எழுதிய முதல் பெண்ணுக்கு விலங்காக வரும் என்று எஸ்தோலியா கனவிலும் நினைத்ததில்லை.

குமெர்சிந்தோவுக்கு விஷயம் எட்டியிருக்காது, எட்டினால் மனிதன் வக்கீலை ஒரு பிடி பிடிப்பான் என்று நம்பிக்கொண்டு அவள் ரொட்டிக்கடைக்குப் போனாள். அவர் மாவு பிசைந்துகொண்டிருந்தார்.

"தப்புன்னு சொல்லச் சொல்ற ஏழு பேர்ல முதல் பேரு யாருன்னு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும். வக்கீல் அன்னைக்கே வந்து சொல்லிட்டாரு."

"சொல்லி?"

"ஆயிரம் பிள்ளைங்களா, ஒரு கல்யாணமான்னு கேட்டாரு." அவர் மாவைத் திருப்பிப் போட்டார். "ஊருக்குத் தலைவன்னு உட்கார்ந்துட்டேன். நான் என்ன சொல்ல முடியும்?"

"பொண்ணு கேட்டுப் போனப்ப நீங்கதானே சொன்னீங்க, மாநிறம், லட்சணமான பொண்ணுன்னு?"

"வீட்டுக்குள்ள மாநிறம்தான், எஸ்தோலியா. கோர்ட்ல மாநிறத்துக்குக் கட்டம் இல்லையே." பிறகு குரலைத் தாழ்த்தினார். "பையன் ரெண்டு மாசம் அழுவான். அப்புறம் சரியாயிடும்."

வரும் வழியெல்லாம் அவளுக்கு வாய் கசந்தது. புதுப் பட்டை ஒன்றைப் போட்டும் போகவில்லை. அந்த மனிதனுடைய மூன்று பிள்ளைகளையும் எடுத்தவள் அவள். மூன்றாவது பிள்ளைக்கு வலி கண்டபோது இதே செனாயிதாதான் வெந்நீர் சுமந்தாள்.

விசாரணை நடந்த காலையில் கோர்ட்டின் பின்பெஞ்சுகள் நிரம்பி வழிந்தன. ஆண்கள் கோயிலுக்குப் போடும் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். ஹொவீதாவும் செனாயிதாவும் சுவரை ஒட்டி நின்றார்கள். பக்கத்தில் இருந்தவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து உட்கார்ந்ததை எஸ்தோலியா பார்த்தாள். நேற்று வரை ஒரே கிண்ணத்தில் மிளகாயைத் தொட்டுத் தின்றவர்கள்.

முதலில் பதிவாளரைக் கூப்பிட்டார்கள். மெலிந்த, அமைதியான மனிதர். யார் மீதும் அவருக்குக் கோபம் இருப்பதாகத் தெரியவில்லை. எதற்காக இந்த உத்தரவு என்று லெயால் கேட்டார். பதிவாளர் மறைக்காமல் சொன்னார், கோர்ட்டுக் குமாஸ்தா அதை வரிக்கு வரி ஸ்பானிஷில் சொன்னான். உடம்பு தேற்றிக்கொள்ள வடக்கேயிருந்து பணக்காரர்கள் குளிர்காலத்தில் இங்கே வருகிறார்கள். நல்ல காற்று, நல்ல ஊர் என்று விளம்பரம் செய்கிறோம். ஆனால் வெள்ளைக் குழந்தைகள் சாவில் மாநிலத்திலேயே நாம்தான் முதலிடம் என்று பட்டியல் வந்திருக்கிறது. செத்ததில் முக்கால்வாசி தண்டவாளத்துக்கு அப்பால். அவர்களையும் வெள்ளை என்று எழுதுவதால் வந்த கெட்ட பெயர் இது. பட்டியலில் நிறத்தவர் பத்திக்கு மாற்றிவிட்டால் ஊர் பெயர் தப்பும்.

குமாஸ்தா சொல்லி முடித்த பிறகும் எஸ்தோலியாவுக்கு அது உள்ளே இறங்கச் சற்று நேரம் ஆயிற்று. ஆரஞ்சுப் பெட்டிப் பலகையில் செய்த சவப்பெட்டிகள் அவள் கண்முன் வந்தன. பக்கவாட்டில் பழத்தின் படம்கூட உரிக்காமல் இருக்கும். ஒவ்வொரு கோடையிலும் வாய்க்கால் தண்ணீர் பச்சையாகும்போது, அவள் கையில் விழுந்த குழந்தைகள் வயிற்றோட்டத்தில் வற்றி வற்றி அவள் கண்ணெதிரேயே போகும். குழாய் போடுங்கள் என்று நாலு வருஷத்துக்கு முன்னால் ஊரே கைநாட்டு வைத்து மனு கொடுத்தது. அவர்கள் குழாயும் போடவில்லை, பதிலும் போடவில்லை. இப்போது செத்த பிள்ளைகளையே இடம் மாற்றுகிறார்கள்.

அவள் பின்பெஞ்சைத் திரும்பிப் பார்த்தாள். குமெர்சிந்தோ கத்தப் போகிறார், யாராவது ஒருவர் எழுந்திருக்கப் போகிறார் என்று பார்த்தாள். யாரும் எழுந்திருக்கவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த தகப்பன்மார் எட்டுப் பேராவது அங்கே இருந்தார்கள். அடுத்த சாட்சி யார் என்பதிலேயே அவர்கள் கவனம் இருந்தது.

பிறகு அவளைக் கூப்பிட்டார்கள். லெயால் சிரித்த முகத்தோடு ஏழு அடிக்கட்டைகளையும் நீட்டினார்.

"அம்மா, இந்த ஏழும் கவனம் பிசகி எழுதினதுதானே?"

"இல்லை."

"நல்லாப் பார்த்துச் சொல்லுங்கம்மா."

"பார்த்துட்டேன். தப்பு இல்லை. இந்த ஏழு தப்புன்னா ஆயிரத்து நூத்து நாப்பதும் தப்பு. மாதிரித் தாள் ஒண்ணு, பேனா ஒண்ணு. முதல் தாள் ஹொவீதா. ரெண்டாவது தாள் ரொட்டிக்கடைக்காரர் மகன் அமாதோ. ஒன்பது நாள்தான் வித்தியாசம். மைகூட அதே புட்டி. ஒண்ணைக் கிழிச்சா இன்னொண்ணையும் கிழிச்சுடுங்க."

பின்பெஞ்சில் யாரோ கெட்ட வார்த்தை சொன்னார்கள். குமெர்சிந்தோ தொப்பியை மடியில் வைத்துக் குனிந்து உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு அவர் முகத்தில் மாவு இல்லை.

நீதிபதி முதல் தடவையாக நிமிர்ந்தார். "அப்ப நீ குழந்தையோட நிறத்தைப் பார்க்கவே இல்லையா?"

"பார்ப்பேன் ஐயா. நான் பார்க்கிற நிறத்துக்கு அந்தத் தாள்ல இடம் இல்லை. டாக்டர் மகளுக்கு எழுதினதைப் பார்த்து எல்லாருக்கும் எழுதினேன்."

"யாரைக் கேட்டு?"

"டாக்டரைக் கேட்டுத்தான். செத்துப் பிறந்தா அந்த இடத்தைக் காலியா விடுன்னாரு. விட்டிருக்கேன், எண்ணிப் பாருங்க, அறுபத்தொண்ணு இருக்கும்." அவள் பதிவாளர் பக்கம் திரும்பினாள். "பிறந்து அப்புறம் செத்ததை வேற பத்தியில போடணும்னு இந்த ஐயா சொல்றாரு. எந்தப் பத்தியில போட்டாலும் அதே வாய்க்கால் தண்ணியைக் குடிச்சுத்தான் போச்சுங்க. குழாய் கேட்டு மனு கொடுத்தோமே, அது எந்தப் பத்தியில இருக்கு?"

குமாஸ்தா கடைசி வரியை மொழிபெயர்க்கலாமா வேண்டாமா என்று நீதிபதியைப் பார்த்தான். பிறகு மெதுவாகச் சொன்னான். பதிவாளர் தன் காகிதங்களை அடுக்கினார்.

பார்க்காமல் எழுதிய தாள்கள் சாட்சியாகாது என்று நீதிபதி சொல்லிவிட்டார். லெயால் அவளிடம் ஒரு வார்த்தை பேசாமல் ரயிலேறினார். ஊர் அவளைக் காறித் துப்பாத குறை. ஆனால் நவம்பரில் தேர்தல் இருந்தது, தண்டவாளத்துக்கு அப்பாலும் ஓட்டு இருந்தது. பத்து நாளில், மறு அறிவிப்பு வரும் வரை உத்தரவு நிறுத்திவைக்கப்படுகிறது என்று ஆபீஸ் கதவில் ஒட்டினார்கள். சங்கத்துக்காரர்கள் பேண்டு வாத்தியம் வைத்து ஊர்வலம் போனார்கள். எஸ்தோலியாவின் வீட்டைத் தாண்டும்போது மட்டும் வாத்தியம் நின்று, பிறகு மறுபடி கேட்டது. அதே வாரம் அவளுடைய அனுமதிச் சீட்டை ரத்து செய்து கடிதம் வந்தது. காரணம், அஜாக்கிரதையாகப் பதிவு செய்தது. அது பொய் என்று அவளாலும் சொல்ல முடியவில்லை.

ஹொவீதாவின் தாளை யாரும் தப்பு என்று சொல்லாததால் யாரும் திருத்தவில்லை. கல்யாண அனுமதி வாங்கப் போன அன்று ஆபீஸ்காரன் அவளைப் பார்த்தான், அமாதோவைப் பார்த்தான், இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். ஒரே கோழி கிளறிய ஒரே வார்த்தை. வேறு வழியில்லாமல் முத்திரை குத்தினான். கல்யாணத்துக்குக் குமெர்சிந்தோ நாலு கூடை இனிப்பு ரொட்டி அனுப்பினார். அவர் வரவில்லை. அமாதோ அதில் ஒன்றையும் தொடவில்லை. எஸ்தோலியாதான் வயிறு நிறையத் தின்றாள். ரொட்டி என்ன பாவம் செய்தது என்றாள்.

அடுத்த செப்டம்பரில் ஹொவீதாவுக்கு வலி எடுத்தது. அப்போதெல்லாம் பிரசவத்தைப் பதிவு செய்ய ஆபீஸிலிருந்து ஒரு நர்ஸ் வருவாள். எஸ்தோலியா கூடமாட உதவிக்கு வந்தவள் என்று பெயர். நர்ஸ் வாசலருகே தாளும் பேனாவுமாக நின்றாள். கையைக் கொடுத்ததெல்லாம் எஸ்தோலியா. காலை பத்து மணி வெயில் ஜன்னல் வழியாகக் கட்டிலில் விழுந்துகொண்டிருந்தது.

குழந்தை கழுத்தில் கொடி சுற்றி வந்தது. எஸ்தோலியா கொடியை எடுத்தாள். குழந்தை அழவில்லை, அசையவில்லை. தலைகீழாகப் பிடித்து வாயிலிருந்ததை விரலால் வழித்தாள். நர்ஸ் ஒவ்வொரு கட்டமாக நிரப்பிக்கொண்டே வந்து, தாளிலிருந்து தலையைத் தூக்காமல் அரைகுறை ஸ்பானிஷில் கேட்டாள்.

"நிறம்?"

"நீலம்" என்றாள் எஸ்தோலியா.

நர்ஸ் அப்போதுதான் குழந்தையைப் பார்த்தாள். எஸ்தோலியா முதுகில் ஒரு அறை, பிறகு இன்னொரு அறை வைத்தாள். தன் வாயை அந்தச் சின்ன வாயில் பொருத்தி ஊதினாள். மூன்றாவது மூச்சில் குழந்தை இருமி, வீறிட்டு அழுதது. நீலம் போய் உடம்பெல்லாம் சிவப்பு ஏறியது. அந்த இரண்டு நிறங்களைத்தான் எஸ்தோலியா பார்ப்பாள். மூன்றாவது ஒன்று உண்டு, மஞ்சள். அதற்குக் காலை வெயில் போதும்.

அவள் குழந்தையைக் கம்பளியில் சுற்றிக் கட்டிலுக்குக் கொண்டுபோனாள். ஹொவீதா வியர்வையோடு தலையைத் தூக்கினாள். வழக்கமான கேள்விக்காக எஸ்தோலியா குழந்தையின் கையைப் பிரித்துத் தயாராக வைத்திருந்தாள். ஹொவீதா குழந்தையைப் பார்க்கவில்லை. வாசலில் நின்ற நர்ஸின் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பெரியம்மா, என்ன எழுதினாங்க?"

ஆயிரத்துச் சொச்சம் பிரசவத்தில் ஒருத்திகூட அதைக் கேட்டதில்லை. எஸ்தோலியா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, யாரும் கேட்காமலே, குழந்தையின் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டு உரக்க எண்ணத் தொடங்கினாள்.